விடிய விடிய விழித்திருக்கும் ஊர்



போன வருஷம் பங்குனி மாசம். ஒரு நாள் சாயங்காலம் பாலைக் காய்ச்சி இறக்கிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து என் மாமியாரின் போன் வந்தது. குழந்தைகளின் படிப்பு, என் முழங்கால் வலி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, ஏதோ வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்:

"ஆத்தைக் கேட்டு ஒருத்தர் வந்துட்டுப் போனார்டி. நல்ல விலைதான் சொல்றார்."

எனக்குத் துணுக்கென்றது. "நீங்க என்ன சொன்னேள்மா?"

"நான் என்னத்தைச் சொல்றது? பிள்ளைகள் மூணு பேரும் கூடிப் பேசி முடிவு பண்ணிக்கட்டும்னுட்டேன். ஆனா ஒண்ணு. வித்துட்டா, ஜயந்திக்கு வரவா எல்லாரும் எங்கே படுத்துப்பா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது என்ன ஜயந்தி, அது என்ன ஊர் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லிவிட்டு வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் புக்ககம் மெலட்டூர். தஞ்சாவூரிலிருந்து திருக்கருகாவூர் போகிற வழியில், இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது, பாபநாசம் தாலுகா. திருக்கருகாவூர் என்றதும் உங்களில் பலருக்கு கர்ப்பரக்ஷாம்பிகை ஞாபகம் வந்திருப்பாள். பிள்ளை வரம் வேண்டியும், சுகப்பிரசவம் வேண்டியும் எத்தனை பெண்கள் அங்கே போகிறோம்! நெய்யும் விளக்கெண்ணெயும் பிரசாதமாக வாங்கி வருகிறோம். (வாங்கி வந்த கையோடு டாக்டரம்மாவிடம் மாதப் பரிசோதனைக்கும் தவறாமல் போங்கள். அம்பாள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாள்.) அடுத்த தடவை போகும்போது வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் ஊர். அரசாங்கக் கணக்கில் அது பேரூராட்சி. எங்களுக்கு எப்போதும் கிராமம்தான்.

ஊரின் பழைய பெயர் உன்னதபுரம். சிவன் கோயிலில் சுவாமிக்கு இன்றைக்கும் உன்னதபுரீஸ்வரர் என்றுதான் பெயர். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூரை அச்சுதப்ப நாயக்கர் ஆண்டார். நாயக்கர்களின் தாய்மொழி தெலுங்கு. கலை, கல்வி என்றால் வாரி வழங்குவார்கள். அவர்களுக்கு மந்திரியாக இருந்தவர் கோவிந்த தீக்ஷிதர். தஞ்சாவூரில் ஐயன் கடைத்தெரு, ஐயன் குளம் என்கிறோமே, அந்த ஐயன் அவர்தான். எங்கள் பக்கத்து ஐயம்பேட்டைக்கும் அவரால்தான் அந்தப் பெயர் என்பார்கள். அந்த அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களை இங்கே குடியேற்றி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடும் கிணறும் நிலமும் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லி வருகிற வரலாறு. அதனால் அச்சுதபுரம் என்றும் ஊருக்கு ஒரு பெயர் இருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமனார் இதைச் சொன்னபோது எனக்குக் கிணறு ஒன்றுதான் மனதில் பட்டது. வீட்டுக்கொரு கிணறு! பிறந்த வீட்டில் தெருக்குழாயில் குடத்தை வரிசை போட்டவள் நான். ஒரு பெண்ணைக் கேட்டுத்தான் ராஜா தானம் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் நிலைத்தது நிலத்தால். ஊர்ப் பெயர் நிலைத்தது நாடகத்தால். பாகவத மேளா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புராணக் கதையைப் பாட்டும் பரதமும் வசனமுமாக, ராத்திரி ஆரம்பித்து விடியும் வரை ஆடுகிற நாட்டிய நாடகம் அது. மெலட்டூர், சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர், தேப்பெருமாநல்லூர் என்று ஒரு காலத்தில் ஆறு ஊர்களில் நடந்தது. பல ஊர்களில் ஓய்ந்த பிறகும் எங்கள் ஊரில் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாடகங்களை எழுதியவர் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் (1767–1847) இருந்த காலத்தவர். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கதன், மார்க்கண்டேயர், அரிச்சந்திரன் என்று பத்துக்குக் குறையாமல் எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் தெலுங்கு. தமிழ் ஊரில் தெலுங்கு நாடகமா என்று கேட்கலாம். நாயக்கர் காலத்தில் கச்சேரிக்கும் சபைக்கும் தெலுங்குதான் மொழியாக இருந்தது. 1676-க்குப் பிறகு மராட்டிய ராஜாக்கள் வந்தும் அது மாறவில்லை. பாட்டின் அர்த்தம் பதம் பதமாகத் தெரியாவிட்டாலும் கதை தெரியும். முகம் பார்த்தால் புரிந்துவிடும். என் மாமியாருக்குத் தெலுங்கில் ஒரு வாக்கியம் பேச வராது. பிரகலாத சரித்திரப் பாட்டுகளை மட்டும் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பிசகாமல் பாடுவார்!

இந்தக் கலை நடுவில் மெலிந்தும் போயிருக்கிறது. போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் நடேசய்யர் என்பவர் ஊரில் இதைக் கட்டிக் காத்தார். வக்கீலாக இருந்தும் பெண் வேடமிட்டு ஆடிப் பரதநாட்டியத்துக்காக வாதாடினாரே, இ. கிருஷ்ணய்யர், அவர் நாட்டியம் பழகியது இந்த நடேசய்யரிடம்தான். நடேசய்யருக்குப் பிறகு தொய்வு விழுந்து, பாலு பாகவதர் முதலானவர்கள் மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். இன்றைக்கு ஊரில் ஒன்றுக்கு இரண்டாகக் குழுக்கள் இருக்கின்றன. ஆடுகிறவர்களில் பலர் வெளியூர்களில் உத்தியோகம் பார்க்கிறவர்கள். லீவு போட்டுக்கொண்டு ஊருக்கு வந்து வேஷம் கட்டுகிறார்கள்.

நரசிம்ம ஜயந்தி சித்திரையிலோ வைகாசியிலோ வளர்பிறைச் சதுர்த்தசியில் வரும். அதுதான் எங்கள் ஊருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவிலேயே பந்தல் போட்டு மேடை கட்டுவார்கள். பெருமாளைப் பார்த்து ஆட வேண்டும் என்பது கணக்கு. நாம் நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ராத்திரி முதலில் கோணங்கி வருவான். நீளக் குல்லாயும் குதிப்புமாக அவன் வந்தால் குழந்தைகளின் தூக்கம் பறந்துவிடும். பிறகு ஒரு சின்னப் பையன் யானை முகமூடி அணிந்து பிள்ளையாராக வந்து ஆசி சொல்வான். பிள்ளைக்கு இந்த வேஷம் கட்டுவதாக வேண்டிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. அப்புறம் கட்டியக்காரன், இரணியன், லீலாவதி, பிரகலாதன் என்று ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னிருந்து வருவார்கள். நடுநிசி தாண்டும். மூலைக்கு மூலை குழந்தைகள் சுருண்டு தூங்கும். விடிகிற நேரத்துக்கு நரசிம்மம் வரும். அந்த முகமூடி கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. அதை அணிகிறவர் அன்றைக்கு உபவாசம் இருப்பார். முகமூடி ஏறியதும் ஆவேசம் வந்துவிடும் என்று இரண்டு மூன்று பேர் அவரைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். பார்க்கிற நமக்கே உடம்பு சிலிர்க்கும்.

பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது மரபு. லீலாவதி வருகிறாளே, பிள்ளையைக் கொல்லத் துணிந்த புருஷனுக்கும் பெற்ற பிள்ளைக்கும் நடுவில் தவிக்கிற தாய், அவளும் ஓர் ஆண்தான். முதல் வருஷம் நான் நம்பவே இல்லை. அப்படி ஒரு அழுகை, அப்படி ஒரு கெஞ்சல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம், "ஆம்பிளைக்கு இது எப்படிம்மா வருது?" என்று கேட்டேன்.

"வராம என்ன? அவா அவா ஆத்து அம்மாவைப் பார்த்துத்தானே வளர்ந்திருக்கா" என்றார்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பதில் இன்னும் காதில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. அந்தக் காலத்துத் தஞ்சாவூரில் பெண்கள் ஆடாமல் இல்லை. கோயிலில் ஆடினார்கள், அரண்மனையில் ஆடினார்கள். ஆனால் ஆடின பெண்ணுக்குக் குடும்பம் கிடையாது. குடும்பத்துப் பெண்ணுக்கு ஆட்டம் கிடையாது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை 1947-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்கு முன்பே 1935-ல் ருக்மிணி தேவி மேடையேறிக் குடும்பப் பெண்களுக்கு வழி திறந்துவிட்டார். அவருடைய கலாக்ஷேத்ராவில் உஷா பரிணயம் போன்ற மெலட்டூர் நாடகங்களைப் பாலு பாகவதரிடம் பாடம் கேட்டு மேடையேற்றியபோது பெண்களும் ஆடினார்கள். ஆனால் ஊரில் நாங்கள் எப்போதும் போல மேடைக்கு இந்தப் பக்கம்தான்.

இந்தப் பக்கத்தில் என்ன வேலை என்கிறீர்களா? நாடகம் ஒரு ராத்திரி. அதற்கு முன்னால் பத்து நாள் எங்கள் நாடகம்! ஓடு மாற்றி, வெள்ளையடித்து, ரேழியிலிருந்து கொல்லை வரை கழுவி விட வேண்டும். வருகிறவர்கள் பதினைந்து பேர் என்று சொல்லிவிட்டு முப்பது பேர் வருவார்கள். பத்தாயத்தின் மேல்கூட ஒருவர் படுத்திருப்பார். பட்டுப்புடவை, ஒட்டியாணம், ராக்கொடி என்று லீலாவதிக்கு வேண்டியது அந்த நாளில் எல்லாம் வீட்டுப் பெட்டிகளிலிருந்துதான் போகும். "என் கூறைப்புடவை என்னைவிட ஜாஸ்தி தடவை மேடை ஏறியிருக்கு" என்பார் மாமியார்.

ஜயந்தியன்று நிவேதனம் பானகம், நீர்மோர், கோசுமல்லி. அக்னி நட்சத்திர வெயிலில் ராக்கண் விழிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆகாரம் கிடையாது. மாமியாரின் கைப்பக்குவத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கப் பொடித்த வெல்லத்தை நாலு கப் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூன் சுக்குப் பொடி, நாலு ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு, கடுகளவு பச்சைக் கற்பூரம், நாலு துளசி இலை. அவ்வளவுதான். மண்பானையில் வைத்தால் ஐஸே வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் காய்ச்சி ஆறின நீரில் கரையுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஒரு உத்தரணி பிரசாதத்தோடு நிறுத்திக்கொண்டு நீர்மோர் பக்கம் போய்விட வேண்டும். கோசுமல்லிக்குப் பயத்தம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளரிக்காயும் கிளிமூக்கு மாங்காயும் பொடியாக நறுக்கிச் சேர்த்து, தேங்காய் துருவிப் போட்டுக் கடுகு தாளியுங்கள். உப்பைப் பரிமாறும்போதுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் நீர் விட்டுக்கொண்டு சொதசொதவென்று ஆகிவிடும்.

இந்தத் திருவிழா ஏன் இந்த நாளில் வசதியாக அமைந்திருக்கிறது என்றும் நான் யோசித்திருக்கிறேன். தைமாசம் சம்பா அறுவடை. அந்த ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனிக்குள் வீடு வந்துவிடும். அதன்பிறகு ஆற்றில் மணல்தான். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு தண்ணீர் திறக்க ஜூன் 12 என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. தண்ணீர் கல்லணைக்கு வந்து, எங்கள் வாய்க்காலில் தலை காட்டினால் குறுவை நாற்றங்காலுக்கு ஓட்டம். ஆக, அறுவடைக்கும் அடுத்த தண்ணீருக்கும் நடுவில் கிடைக்கிற ஓய்வில்தான் எங்கள் நரசிம்மம் வருகிறார். பத்தாயத்தில் நெல், கையில் வேலை இல்லை. ஒரு ராத்திரி விழித்தால் குடி முழுகாது.

ஆனால் அந்த நெல் யாரால் வந்தது? அக்ரஹாரத்தின் கதையை மட்டும் சொல்லிவிட்டு ஊரின் கதையைச் சொன்னதாக நான் பேர் பண்ணக்கூடாது. எங்கள் நிலத்தில் நடவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி இருக்கிறார். எண்பது வயது இருக்கும். மாமியாருக்கு அவர் சிநேகிதி என்றே சொல்லலாம். ஒரு தடவை ஜயந்திக்கு மறுநாள் கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவரிடம், "ராத்திரி முழுக்க முழிச்சது கண்ணெல்லாம் எரியுது பாட்டி" என்று அலுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"உங்களுக்கு வருஷத்துல ஒரு ராத்திரிம்மா. நடவு காலத்துல நாங்க எந்த நாளும் விடியறதுக்கு முந்தியே சேத்துல நின்னோம். பிள்ளைய வரப்புல தூளி கட்டிப் போட்டுட்டு."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்தக் காலத்துத் தஞ்சாவூர்க் கிராமங்களில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்த வாசல் வழியாக வரலாம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் நில உச்சவரம்பு வந்தது. நிலம் மெல்ல மெல்ல உழுதவர் கைக்குப் போனது, போவதுதான் நியாயம். அக்ரஹாரத்துப் பிள்ளைகள் படித்து, உத்தியோகம் என்று பட்டணத்துக்குப் போனார்கள். அந்தப் பாட்டியின் பேத்தி இன்றைக்கு நர்ஸ். என் மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது அவள்தான். வாசல் வழியாக வந்து, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

நிலத்தில் உழைப்பவர்களுக்கும் நிம்மதி வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்க முடியவில்லை. குறுவை போட்டவர்கள் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பித்தான் போட்டார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தபோது வாய்க்காலைப் பார்க்க எங்கள் வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஓடினார் மாமியார். 2024-ல் ஜூலைக் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு வந்தால் ஊர். ஆறு வராவிட்டால் ஊரில் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஜயந்திக்கு எல்லாரும் போயிருந்தோம். என் கணவர், இரண்டு மைத்துனர்கள், ஓர்ப்படிகள், குழந்தைகள், நாத்தனார். விடிந்து, குளித்து, இட்லி சாப்பிட்ட பிறகு ஆண்கள் மூவரும் ஊஞ்சலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓட்டை மாற்றினால் சுவர், சுவரைப் பூசினால் கிணறு, வருஷம் முழுக்கச் செலவு, அம்மாவுக்கோ 79 வயது, தனியாக விட்டுவிட்டு நாம் அங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை. எல்லாம் வாஸ்தவமான பேச்சு. ஒருவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பெரியவர் சொன்னார், "சரி, மூணு பாகம். எழுதிடலாம்."

என் பெண்ணுக்குப் பதினேழு வயது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "அத்தைக்கு?" என்றாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. நாத்தனார் அடுக்களையில் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் ஜயந்தி தவறாமல் வருகிறவர் அவர் ஒருவர்தான். பத்து நாள் முன்னாலேயே வந்து ஒட்டடை அடிப்பதும், மாவு இடிப்பதும், கடைசி விருந்தாளி போன பிறகு பாயைச் சுருட்டி வைப்பதும் அவர்தான். மனசில் யாருக்கும் வஞ்சனை இல்லை. கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் எழுதுவதற்குக் காரணமே இதுதான். உங்களில் எத்தனையோ பேர் வீட்டில் இதே போல நடந்திருக்கும். தெரிந்துகொள்ளுங்கள்: பூர்வீகச் சொத்தில் பிள்ளைக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. அப்போது ஏற்கெனவே கல்யாணமான பெண்களை அது சேர்க்கவில்லை. 2005-ல் தேசம் முழுவதற்கும் வந்த திருத்தத்தில் அந்தப் பேதமும் இல்லை. அப்பா முன்னாலேயே காலமாகியிருந்தாலும் பெண்ணின் உரிமை போகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கணவர் உயில் எழுதாமல் காலமானால் மனைவிக்கும் அதில் பங்கு உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது. சண்டை போடுவதற்காக இல்லை. கணக்கில் நாம் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்காக.

இதையெல்லாம் என் கணவர் படித்தவர், நான் பத்தாவதோடு நின்றவள், நான் எங்கே சொல்வது? ஆனாலும் சொன்னேன். "அம்மா, வீட்டில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில் உங்களைத்தானே கேட்கணும்?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கா?" என்றார். பதினெட்டு வயதில் அந்த வீட்டு வாசற்படியை வலது காலை வைத்துத் தாண்டி வந்தவர். அறுபது வருஷமாக அந்த வீட்டைப் பெருக்கி, கோலம் போட்டு, விளக்கேற்றியவர். அவர் கேட்ட கேள்வி அது!

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "எனக்குப் பணம் வேண்டாம்னு பெருமைக்குச் சொல்லமாட்டேன் அண்ணா. எல்லாருக்கும் வேண்டித்தான் இருக்கு. ஆனா என் பங்கை நான் விக்கறதா இல்லே. அவர் அடுத்த வருஷம் ரிடையர் ஆறார். நாங்க இங்கேயே வந்து அம்மாவோட இருந்துக்கறோம். ஓடு மாத்தற செலவை மட்டும் நாலு பேரும் பகிர்ந்துக்கலாம். அஞ்சு வருஷம் பார்ப்போம். அதுக்கப்புறமும் விக்கணும்னு தோணித்துன்னா அப்போ பேசிக்கலாம்."

என் கணவர்தான் முதலில் தலையாட்டினார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். கடைசி மைத்துனருக்கு மகளின் காலேஜ் செலவு இருக்கிறது. விற்றால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவரும் சரி என்றபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. இப்போது நாலு பேரும் மாசாமாசம் ஒரு தொகையை ஒரே பேங்க் கணக்கில் போடுகிறோம். பட்டாவில் ஐந்து பெயரும் சேர்க்க மனுக் கொடுத்திருக்கிறோம். ஐந்தாவது பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. நாத்தனாருக்கும் வயதாகும். என் பெண் எந்த ஊரில் இருப்பாளோ, என் பிள்ளைக்கு ஜயந்தியன்று பரீட்சை வருமோ? 2020-ல் ஊரடங்கில் யாராலும் போக முடியவில்லை. மாமியார் தனியாகப் பானகம் கரைத்து நிவேதனம் செய்துவிட்டு, ராத்திரி வாசல் திண்ணையில் உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தானே பாடினாராம். "தெருவிலே ஆள் இல்லேன்னா என்ன? பெருமாள் முழிச்சிண்டுதானே இருப்பார்" என்றார் போனில். ஊர் என்பது அப்படியும் ஒரு வருஷம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒருவரே பிழைக்க வைக்க முடியாது அல்லவா?

உங்கள் ஊருக்கும் ஒரு கதை இருக்கும். ராஜா தானம் கொடுத்ததும், கோயில் கட்டியதும் கல்வெட்டிலும் புஸ்தகத்திலும் கிடைக்கும். கிடைக்காத கதை ஒன்று உங்கள் மாமியாரிடமோ, பாட்டியிடமோ, நடவுக்கு வந்த ஒரு கிழவியிடமோ இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புஸ்தகம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், திருவிழாவுக்கு யார் சமைத்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தீர்கள், பிரசவம் பார்த்தது யார், இப்படி நாலு கேள்வி கேட்டு எழுதி வையுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஜயந்திக்குப் புது ஓடு மாற்றின வீட்டில் முப்பத்து நாலு பேர் படுத்தோம். பத்தாயத்தின் மேல் இடம் எனக்குக் கிடைத்தது!